விசாரிக்கும் அன்பு

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மூன்றாம் வாரத்தில், கள்ளக்குறிச்சி நகரின் நடுவே, நீதிமன்றமும் காவல் நிலையமும் அருகிலேயே இருக்கும் கருணாபுரத்தில், பாக்கெட்டில் அடைத்து விற்ற கள்ளச்சாராயத்தைக் குடித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக வயிற்று வலியால் துடித்து விழுந்தார்கள். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் இடம் போதாமல், சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்சுகள் ஓடின. 60க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்; பிழைத்தவர்களிற் சிலர் கண்பார்வையை இழந்தார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளிலிருந்து பிணங்கள் எடுக்கப்பட்ட அந்த நாட்களில், ஈமச் சடங்குகள் முடிவதற்கு முன்பே, தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளிலும் கைப்பேசிகளிலும் தீர்ப்புகள் எழுதி முடிக்கப்பட்டுவிட்டன. குடித்தவன் செத்தான், அதற்கு நாடு ஏன் அழ வேண்டும் என்றது ஒரு தீர்ப்பு. குடிகாரன் குடும்பத்துக்கு அரசாங்கம் 10 லட்சம் ரூபாய் கொடுப்பது எந்த நியாயம் என்றது மற்றொன்று. அது உயர்நீதிமன்றம் வரையில் ஒரு வழக்காகவே சென்றது. அருகிலுள்ள கல்வராயன் மலையில் இருப்பவர்களைத் திருத்தாதவரையில் இந்தச் சாராயம் ஒழியாது என்றது மூன்றாவது.

இவை மூன்றும் தீய மனத்திலிருந்து பிறந்தவை என்று நான் சொல்லவில்லை. குடியினால் பாழான குடும்பங்களைக் கண்ணெதிரே கண்டவர்களின் கோபமும் இவற்றில் கலந்திருக்கிறது. ஆனால் இவற்றைச் சொன்னவர்களில் மிகப் பெரும்பாலோர் கருணாபுரத்தையும் கண்டதில்லை, கல்வராயன் மலையையும் கண்டதில்லை. அறியாத மனிதரைப் பற்றி நிச்சயமான அபிப்பிராயம் கொள்வது நம் எல்லோருக்கும் இயல்பாகிவிட்ட ஒரு சுபாவம். கிறிஸ்தவ விசுவாசத்தில் நிற்பவன் என்ற முறையில், இந்தச் சுபாவத்துக்கு எதிராக என் வேதம் என்ன கற்பிக்கிறது என்பதை என் சபையாருக்கு நினைவூட்டவும், பிற சமயத்து அன்பர்களின் முன் வைக்கவும் விரும்புகிறேன். பிறரைத் தீர்ப்பிடுவதற்கு முன் அவர்களை விசாரித்தறிய வேண்டும் என்பது வெறும் நாகரிகமன்று. அயலானை நேசி என்னும் கட்டளையின் முதற் படியே அதுதான். தெரிந்துகொள்ள விரும்பாத ஒருவனை நேசிப்பதாகச் சொல்வது வாய்ச்சொல்லாகவே நின்றுவிடும்.

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே கண்ணில்லாத ஒருவன் வழியோரத்தில் இருக்கிறான். அவனைக் கண்ட சீஷர்கள் அவன் பெயரையோ, அவன் எப்படிப் பிழைக்கிறான் என்பதையோ கேட்கவில்லை. இவன் குருடனாய்ப் பிறந்தது இவன் செய்த பாவத்தாலா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவத்தாலா என்றுதான் தங்கள் குருவைக் கேட்டார்கள். உருவத்தில் அது கேள்வி. உள்ளே இருந்ததோ முன்னமே முடிவு செய்யப்பட்ட தீர்ப்பு. குற்றம் இருக்கிறது என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. எவர் தலையில் ஏற்றுவது என்பது மட்டுமே பாக்கி. இயேசு அந்த இரண்டு வழிகளையும் மறுத்துவிட்டு, அந்த மனிதனுக்குச் செய்ய வேண்டிய காரியத்தில் இறங்கினார். லூக்காவின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்த செய்தி பேசப்பட்டபோதும், மாண்டவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் பெரிய பாவிகள் என்று எண்ணுகிறீர்களா என்று கேட்டு, அந்த எண்ணத்தையே அவர் தள்ளினார். கேட்டவர்களைத் தங்கள் இருதயத்தை நோக்கித் திருப்பினார். கருணாபுரத்துச் சாவுகளைப் பற்றி வாய் திறக்கும் எந்தக் கிறிஸ்தவனும் இந்த இரண்டு அதிகாரங்களையும் தாண்டிச் செல்ல முடியாது.

அப்படியானால் அங்கே நாம் விசாரித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? மாண்டவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தினக்கூலிகள். மூட்டை தூக்குபவர்கள், கட்டட வேலைக்கும் வர்ணம் பூசும் வேலைக்கும் போகிறவர்கள். பகல் முழுவதும் உடம்பை முறித்த வலிக்கு மாலையில் அவர்கள் தேடியது, 50, 60 ரூபாய்க்குக் கிடைத்த ஒரு பாக்கெட். அரசாங்கக் கடையில் ஒரு குவார்ட்டருக்குக் கொடுக்க வேண்டிய விலை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பெண்களும் மாண்டார்கள், தாயும் தந்தையும் ஒருசேரப் போய், பிள்ளைகள் மட்டும் எஞ்சிய வீடுகளும் உண்டு. அவர்களைக் கொன்றதோ பழகிய சாராயம் அன்று. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால். நிறத்தாலோ மணத்தாலோ குடிப்பவன் அதை வேறு பிரித்தறிய முடியாது. உடம்புக்குள் சென்றதும் கல்லீரலில் அது முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. இரத்தம் அமிலமாகி, கண்ணின் நரம்பு கருகி, மூச்சு திணறுகிறது. தன் கையிலுள்ள பாக்கெட்டில் இது இருக்கிறது என்று தெரிந்து குடித்தவன் ஒருவனும் இல்லை. அதற்கு ஓராண்டு முன்பு, 2023 மே மாதத்தில், மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. அந்தச் சாவுகளிலிருந்து பாடம் கற்க வேண்டியவர்கள் கருணாபுரத்துக் கூலிகள் மட்டும்தானா என்ற கேள்வி, குடித்தவன் செத்தான் என்ற தீர்ப்புக்குள் புதைந்து போயிற்று.

இனி மலையைப் பற்றிய தீர்ப்பைப் பார்ப்போம். கல்வராயன் மலையில் சாராய ஊறல் போடப்படுகிறது என்பது உண்மை. காவல்துறை மலை ஏறி ஊறலை அழிப்பது ஆண்டுதோறும் வரும் செய்தி. ஆயினும் அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் யார், எப்படி அந்த நிலைக்கு வந்தார்கள் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய சகோதரர் மூவரின் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்று சொல்லிக்கொள்ளும் மக்கள் அவர்கள். சாமையும் தினையும் விதைத்து, கடுக்காயும் புளியும் சேகரித்து, தங்கள் கரியராமரை வணங்கி வாழ்ந்தவர்கள். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்து, 1976-ஆம் ஆண்டு வரும்வரையில் இந்த மலை சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையிலேயே இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். சமவெளியில் ஒரு தலைமுறையே பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாக்குச் சாவடிக்கும் பழகிவிட்ட பிறகுதான் இந்த மக்களுக்கு நேரடியான அரசாங்கம் என்ற ஒன்று கிடைத்தது. உழும் நிலத்துக்குப் பட்டா இல்லை, ஊருக்குச் சாலை இல்லை என்ற முறையீடு இன்றும் ஓயவில்லை. மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்காரர் சொல்லும் விலைக்கு விற்றுவிட்டு, வேலையற்ற மாதங்களில் முன்பணம் கொடுப்பவனின் பின்னே அயல் மாநிலங்களுக்குப் போகும் நிலை இந்த மலைகளிலெல்லாம் உண்டு. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள், செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று சொல்லி, ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழர்களிற் பலர், ஜவ்வாது, சித்தேரி முதலிய மலைகளின் மலையாளி மக்களே.

இன்னொன்றையும் விசாரித்தவர்கள் அறிவார்கள். ஊறலுக்கு வேண்டிய வெல்லம் மலையில் விளைவதன்று. அது சமவெளியிலிருந்து ஏறுகிறது. இறங்கும் சாராயத்தைக் குடிப்பவர்கள் சமவெளியில் இருக்கிறார்கள். வெல்லம் ஏற்றியவனும், கடன் கொடுத்தவனும், வண்டி ஓட்டியவனும், கண்டும் காணாதிருந்த அதிகாரியும் சமவெளியில் கௌரவமாக வாழ, பழி மட்டும் மலையில் தங்கிவிடுகிறது. ஒரு மலையின் பெயரையே குற்றத்தின் பெயராக வழங்குவதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது: நம் பங்கைப் பற்றிய விசாரணை அத்தோடு நின்றுவிடும். சகோதரன் கண்ணிலிருக்கும் துரும்பைப் பார்ப்பவன் தன் கண்ணிலிருக்கும் உத்திரத்தை உணராதிருப்பதைப் பற்றி மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னது இந்த வசதியைத்தான். பிறரைப் பற்றிய அவசரத் தீர்ப்பு, நம்மைப் பற்றிய உண்மையிலிருந்து நாம் ஓடி ஒளியும் இடம்.

கருணாபுரத்துச் சம்பவத்துக்குப் பிறகு நடந்தவற்றுள் என் மனத்தை மிகவும் தொட்டது, சென்னை உயர்நீதிமன்றத்தின் ஓர் அமர்வு கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. தீர்ப்புச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட நீதிபதிகள், இந்த மக்கள் ஏன் இப்படி ஆனார்கள், இவர்களுக்குச் சாலை உண்டா, பேருந்து உண்டா, பள்ளி உண்டா, மருத்துவம் உண்டா என்று அரசாங்கத்தைக் கேட்டார்கள். தீர்ப்புச் சொல்ல அதிகாரமே இல்லாத நாமோ ஒரு கேள்வியும் கேட்காமல் தீர்ப்பை முடித்திருந்தோம். வேதத்தின் முதல் ஆகமத்திலேயே இதற்கு ஒப்பான, இதனினும் உயர்ந்த ஒரு காட்சி வருகிறது. சோதோமின் பாவத்தைப் பற்றிய கூக்குரல் கடவுளின் சந்நிதிக்கு எட்டியபோது, சகலமும் அறிந்தவராகிய அவர், கேட்டதைக்கொண்டே முடிவு செய்யாமல், தாமே இறங்கிச் சென்று அந்தக் கூக்குரலின்படி காரியம் இருக்கிறதா என்று பார்த்து அறிவதாக ஆபிரகாமிடம் சொல்கிறார். ஆதாம் மறைந்துகொண்டபோதும் அவர் முதலில் கேட்டது அவன் எங்கே இருக்கிறான் என்பதைத்தான். அறியவேண்டிய அவசியமே இல்லாதவர் இப்படி இறங்கிவந்து கேட்பாரானால், அரைகுறையாக அறிந்த மனிதருக்கு விசாரணையின்றித் தீர்ப்பிட என்ன உரிமை இருக்கிறது?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். இப்படி எல்லோருடைய கதையையும் கேட்டுக்கொண்டே போனால், குற்றம் என்ற ஒன்று இல்லாமல் போய்விடாதா? விஷத்தை விற்றவனுக்கும் ஒரு சோகக் கதை இருக்குமே, அவனையும் மன்னித்துவிடலாமா? இது நேர்மையான கேள்வி. மெத்தனாலைக் கலந்தவனும், கலந்ததைத் தெரிந்தே விற்றவனும், காசு வாங்கிக்கொண்டு அதைக் கடந்துபோக விட்டவனும் சட்டத்தின் தண்டனையை அடைந்தே தீரவேண்டும்; அதில் தயை காட்டுவது செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம். தோற்றத்தைக் கொண்டு தீர்ப்பிடாமல் நீதியின்படி தீர்ப்பிடச் சொன்னவரும் இயேசுதான். செயலை நியாயத் தராசில் நிறுத்துவது மனித சமூகத்தின் கடமை. ஒரு மனிதனின் முழு மதிப்பையும் ஒரு செயலாலோ, ஒரு தெருவாலோ, ஒரு மலையாலோ அளந்து முடித்துவிடுவது நமக்குக் கொடுக்கப்படாத அதிகாரம். மேலும், விசாரணை குற்றத்தை மறைப்பதில்லை. அதன் வேரைக் காட்டுகிறது. நாடி பார்க்காத வைத்தியன் கொடுக்கும் மருந்து நோயை வளர்ப்பதுபோல, காரணம் அறியாத கோபம் மலையில் பத்துப் பானைகளை உடைத்துவிட்டுத் திருப்தியடையும். ஆலையிலிருந்து கிளம்பும் மெத்தனாலின் வழி திறந்தே கிடக்கும்.

கேள்வி கேட்பதெல்லாம் விசாரித்தறிதல் ஆகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். பிறவிக் குருடன் பார்வை பெற்ற பிறகு அவனை மிகுதியாகக் கேள்வி கேட்டவர்கள் பரிசேயர்கள். அவனை ஒருமுறை கேட்டார்கள். அவன் பெற்றோரை அழைத்துக் கேட்டார்கள். மறுபடியும் அவனைக் கேட்டார்கள். ஆனால் அவர்கள் விரும்பிய பதில் ஒன்றே ஒன்று. அது கிடைக்காதபோது அவனைத் தள்ளிவிட்டார்கள். கருணாபுரத்தில் தாயைப் பறிகொடுத்த பிள்ளையின் முகத்துக்கு நேரே ஒலிவாங்கியை நீட்டியவர்களும் கேள்விதான் கேட்டார்கள். பதில் நம்மை மாற்றட்டும் என்ற சம்மதம் இல்லாத கேள்வி, விசாரணை வேடம் பூண்ட வேடிக்கை. அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், 2022 ஜூலையில், சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு பள்ளி மாணவியின் மரணத்தைத் தொடர்ந்து எழுந்த துயரம் நியாயமானது. பெற்றவளின் கண்ணீரும் நியாயமானது. ஆனால் புலனாய்வு முடிவதற்கு முன்பே, கைப்பேசிகளில் பரவிய செய்திகளையே சாட்சியங்களாகக் கொண்டு, ஜூலை 17-ஆம் நாள் திரண்ட கூட்டம் பள்ளிக்கும் பேருந்துகளுக்கும் தீ வைத்தபோது, அந்தக் குழந்தைக்கு நீதி கிடைக்கவில்லை; வேறு பல குழந்தைகளின் படிப்பு எரிந்தது; கூட்டத்தில் நின்ற எத்தனையோ இளைஞர்கள் வழக்குகளில் சிக்கினார்கள். உண்மையை அறிய வேண்டும் என்ற தாகம் பொறுமையை இழந்தால் அது தீர்ப்பாகிவிடுகிறது. தீர்ப்பு கூட்டமாய்க் கூடினால் தீயாகிவிடுகிறது.

பதிலுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த விசாரணை எப்படியிருக்கும் என்பதற்குத் தமிழ்ப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ சரித்திரத்தின் வாசலிலேயே ஓர் உதாரணம் நிற்கிறது. 1706-ஆம் ஆண்டு ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு, இந்த நாட்டார் நாகரிகமும் கல்வியும் அற்றவர்கள் என்று ஐரோப்பாவில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு வந்தவர். தமிழைக் கற்று, ஓலைச்சுவடிகளைத் திரட்டிப் படித்தபின் அந்த எண்ணத்தை அவர் கைவிட்டார். அதோடு நில்லாமல், 1712 முதல் 1714 வரையில், அவரும் அவருடைய தோழர் கிரண்ட்லரும் தமிழ் அறிஞர்களுக்குக் கேள்விகளை எழுதியனுப்பி, அவர்களுடைய பதில்களைக் கேட்டு வாங்கினார்கள்: உங்கள் தெய்வங்கள் யாவர், உங்கள் ஒழுக்கம் எது, எங்கள் மார்க்கத்தை நீங்கள் ஏன் ஏற்கவில்லை என்று. அவ்வாறு வந்த 99 கடிதங்களில் தமிழர்கள் கூச்சமின்றி எழுதினார்கள்; இங்கே வந்த கிறிஸ்தவர்களின் குடியையும், சுத்தமின்மையையும், ஒழுக்கக்கேட்டையும் காரணமாகக் காட்டினார்கள். அந்தக் கண்டனங்களை மறைத்துவிடாமல், ஜெர்மன் மொழியில் பெயர்த்துத் தம் நாட்டார் படிக்க ஹாலே நகருக்கு அனுப்பியதில் இருக்கிறது அவர்களுடைய நேர்மை. 1713-இல் சீகன்பால்கு எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய நூலை அச்சிட ஹாலேயிலிருந்த பெரியவர்கள் மறுத்தார்கள். அது 1867 வரையில் வெளிவரவில்லை. அறிய விரும்பியவரின் நூலைத் தீர்ப்பிட விரும்பியவர்கள் 150 ஆண்டுக்கும் மேலாக அடைத்து வைத்திருந்தார்கள் என்பது எங்கள் சபைகள் மறக்கக்கூடாத பாடம். தம் மார்க்கமே உண்மை என்ற உறுதியில் சீகன்பால்கு கடைசிவரை தளரவில்லை. ஆயினும் அந்த உறுதி, பிறர் சொல்வதைக் கேட்பதற்கு அவருக்குத் தடையாகவும் இருக்கவில்லை. விசுவாசம் உறுதியாக இருப்பவனே அச்சமின்றிக் கேட்க முடியும்.

ஆனால் அந்த வழியில் நாங்கள் நடந்தோமா? இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள எறையூரில், ஜெபமாலை மாதாவின் ஒரே கோயிலில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்தவர்களிடையே, தலித் கிறிஸ்தவர்கள் சமமாக நடத்தப்படவில்லை என்று முறையிட்டுத் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டினார்கள். அதைத் தொடர்ந்து 2008 மார்ச்சில் மூண்ட கலவரம் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, இருவர் உயிர் இழந்தார்கள். பிறப்பைக் கண்டே ஒரு மனிதனை அளந்து முடிக்கும் சாதியைக் காட்டிலும் அவசரமான தீர்ப்பு உலகில் வேறில்லை. ஏனெனில் அது குழந்தை கண் திறக்குமுன்பே எழுதப்பட்டுவிடுகிறது. ஞானஸ்நானத் தண்ணீர் பட்ட பிறகும் அந்தத் தீர்ப்பை அழிக்க மனமில்லாத சபை, கருணாபுரத்து மக்களைப் பார்த்துப் பாவிகள் என்று பிரசங்கிக்கும் தகுதியை எங்கிருந்து பெறும்?

ஆகவே எங்கள் சபைகளுக்கு என் வேண்டுகோள் தெளிவானது. மதுவின் தீமையைப் பற்றிப் பிரசங்கிக்குமுன், கருணாபுரத்தில் பார்வை இழந்தவர் இப்போது எதைக்கொண்டு பிழைக்கிறார், அனாதையான பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, குடியை விட விரும்புபவனுக்கு மருத்துவமும் துணையும் எங்கே கிடைக்கும் என்று ஒவ்வொரு போதகரும் குருவும் நேரிற் சென்று கேட்கட்டும். கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கும் கருமந்துறைக்கும் துண்டுப் பிரசுரத்தோடு ஏறுபவர்கள், முதலில் அந்த மக்களின் நிலத்தையும் கடனையும் தெய்வத்தையும் பற்றி அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு, மறுத்துப் பேசாமல் கேட்டு, பிறகு தங்கள் செய்தியைச் சொல்லட்டும். வேதத்தில், துன்பத்தில் விழுந்த யோபுவின் நண்பர்கள் அவனோடு ஏழு நாள் தரையில் அமர்ந்து வாய் பேசாதிருந்தவரையில் நண்பர்களாகவே இருந்தார்கள். அவன் துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கிய நாளில்தான் அவனுக்குப் பாரமானார்கள்.

பிற வாசகர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. ஒரு சமூகத்தைப் பற்றி, ஓர் ஊரைப் பற்றி, ஒரு தொழிலைப் பற்றிக் கடுமையான சொல் நாவில் வரும்போது, அவர்களில் ஒருவரிடமாவது நாம் அமர்ந்து பேசியிருக்கிறோமா என்று கேட்டுக்கொள்வோம். பேசியதில்லையென்றால், அந்தச் சொல்லுக்கு நமக்கு இன்னும் அதிகாரம் பிறக்கவில்லை. பேசியபிறகும் அது நியாயமாகவே தோன்றுமானால் தைரியமாகச் சொல்வோம். அப்போது அந்தச் சொல்லில் வெறுப்பு இராது, பொறுப்பு இருக்கும். மெத்தனால் வந்த வழியை அடைப்பதும், மலைக்குச் சாலையும் பட்டாவும் கொண்டுசேர்ப்பதும், கூலிக்காரனின் வலிக்குச் சாராயமல்லாத ஓர் ஆறுதலைத் தேடுவதும் அந்தப் பொறுப்பிலிருந்தே பிறக்க முடியும்.